பிள்ளைகளை யார் முந்திப் பிடிப்பது?

உலகத்து யூதச் சமூகம் தன் இளைஞர்களுக்குத் தலைமையையும் நீதியையும் சொல்லிக்கொடுக்கவென்றே ஆள் வைத்திருக்கிறது. திருச்செங்கோட்டில் அந்த வேலை இப்போது யார் கையில் இருக்கிறது?

திருச்செங்கோடு வட்டாரத்தை வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஒன்று ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. வடக்கே எந்த மாநிலத்தில் போர் போட்டாலும் வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்ற பெயரைப் பார்க்கலாம். இன்னொன்று பள்ளிக்கூடம். நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்கத் தென்மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெற்றோர் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். விடியும் முன்பே எழுப்பி, இரவு ஸ்டடி ஹவர் வரை படிக்க வைத்து மதிப்பெண்ணைக் கறந்துவிடுவார்கள். கோழிப்பண்ணை மாவட்டம் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று கேலிப் பெயரும் வந்தது.

அங்கிருந்து 17 வயதில் வெளியே வரும் பையனுக்கு வேதியியல் சமன்பாடு தெரியும். பத்துப் பேரைக் கூட்டி ஒரு காரியம் செய்வது எப்படி, ஒத்துவராத ஆளோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது எப்படி, கண்ணெதிரே அநியாயம் நடந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் எந்தப் பீரியடிலும் வரவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆளே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சாதிச் சங்கங்களின் இளைஞரணிகள் இருக்கின்றன. நுழைவுத்தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. இருபது வயதில் பதவி தருகிறார்கள், பிளெக்ஸ் போர்டில் படம் போடுகிறார்கள், விழா நாளில் பைக் ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடிக்க விடுகிறார்கள். அந்த வயதுக்கு வேண்டியது அங்கீகாரம். அதை யார் தந்தாலும் அவர்கள்தான் ஆசிரியர்கள்.

அந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். 2015 ஜூனில் அர்த்தநாரீசுவரர் கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி ஒருவரைக் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதல் குற்றவாளி ஒரு சாதிப் பேரவையின் தலைவர், இளைஞர்களைத் திரட்டுவதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். அவருக்கான தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தெற்கே நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே தங்களோடு படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

அதன் பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அதைவிட முக்கியமான பரிந்துரை பேச்சில்லாமல் போனது. எல்லாச் சமூகப் பிள்ளைகளையும் சேர்த்து 'சமூக நீதி மாணவர் படை' என்று ஓர் அமைப்பு வேண்டும் என்கிறது அறிக்கை. சாரணர் இயக்கமும் என்.சி.சி.யும் இருப்பது போல நீதிக்கும் ஒரு சீருடைப் படை. கேட்பதற்குப் புதிதாக இருக்கிறது. இதை நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு சமூகம் உலகத்தில் இருக்கிறது.

யூதர்களின் மொத்த எண்ணிக்கை உலகம் முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. தமிழ்நாட்டில் கால்வாசிகூட வராது. இந்தச் சின்னச் சமூகத்தில் 'இளைஞர் தலைமைக் கல்வி' என்பது சம்பளம் வாங்கிச் செய்யும் தொழில். அதற்குப் பயிற்சி உண்டு, முகாம் உண்டு, பல தொழுகைக்கூடங்களில் பொறுப்பாளர் உண்டு. 1913 வாக்கில் கலீசியாவில் தோன்றிய ஹஷோமேர் ஹட்சாயிர், 1929-இல் லண்டனில் தொடங்கிய ஹபோனிம் என்று இயக்கங்களின் வரிசை நீளம். நம்மூர்ச் சாரணர் இயக்கம் போலச் சீருடையும் கூடார வாழ்வும் அங்கேயும் உண்டு. வித்தியாசம், பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஐம்பது வயது ஆசிரியர் கிடையாது. பதினேழு, பதினெட்டு வயது அண்ணனோ அக்காவோதான். அவர்களை 'மத்ரிக்' என்பார்கள். பெரியவர்கள் பின்னால் நின்று பணத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்பார்கள். இன்றைய வடஅமெரிக்காவின் ஹபோனிம் ட்ரோர் கோடை முகாம்களில் 'கூப்பா' என்றொரு பொதுப்பெட்டி. பிள்ளைகள் கொண்டுவரும் கைச்செலவுப் பணம் அதில் போய்விடும். எதற்குச் செலவழிப்பது என்று எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். பணக்கார வீட்டுப் பையன் வாங்கித் தின்ன, இல்லாத வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி அங்கே வராது.

கல்லூரி முடித்தவர்களுக்கு 1998-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'அவோதா' இருக்கிறது. ஒரு வருடம் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வீட்டில் தங்கவேண்டும். பகலில் வறுமை ஒழிப்பு அமைப்பு ஒன்றில் வேலை. வீட்டுக்காரன் துரத்திவிட்ட குடித்தனக்காரருக்குச் சட்ட உதவி, அகதிகளுக்குப் பதிவு உதவி என்று எதுவாகவும் இருக்கலாம். மாலையில் சமயநூலும் சமூகவியலும் சேர்த்துப் படிப்பு. யூதர்களின் பழைய படிப்பு முறையே இருவர் இருவராக உட்கார்ந்து ஒரு வரியை வைத்துச் சண்டை போடுவதுதான். வீட்டிலும் அப்படித்தான். பஸ்கா இரவு விருந்தில் வீட்டிலேயே சின்னப் பிள்ளைதான் கதையைத் தொடங்கிவைக்கவேண்டும். இந்த இரவு ஏன் மற்ற இரவு போல் இல்லை என்று கேட்கவேண்டும். எகிப்தில் அடிமையாக இருந்தோம் என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள். அந்நியனை ஒடுக்காதே என்ற கட்டளை யூத வேதமான தோராவில் முப்பத்தாறு இடத்தில் வருவதாகத் தல்மூத் என்ற விளக்க நூல் கணக்கு வைத்திருக்கிறது. அத்தனை முறை சொல்லவேண்டி வந்தது என்றால் அத்தனை முறை மீறியிருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இளைஞர் இயக்கங்கள் வெறும் முகாம் பாட்டோடு நிற்பவை அல்ல என்பதற்கு 1943 ஏப்ரல் 19-இல் தொடங்கிய வார்சா கெட்டோ எழுச்சி சாட்சி. நாஜிப் படையை எதிர்த்து நின்றவர்களின் தளபதி மொர்தெகாய் அனியெலெவிச் ஹஷோமேர் ஹட்சாயிரில் வளர்ந்தவர். அப்போது வயது 24-ஐத் தாண்டவில்லை. ட்ரோர் என்ற இன்னோர் இளைஞர் இயக்கத்துச் சிவியா லுபெட்கின் அதே போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார். பெரியவர்களின் கட்சிகள் தயங்கிய இடத்தில் முகாம் நடத்திப் பழகிய பிள்ளைகள் முடிவெடுத்தார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு யூதரும்

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று வாசகர் நினைக்கலாம். நினைக்கவேண்டாம். நீதிக் கல்வி என்று ஒன்றை ஒரு யூதர் தமிழ்ப் பிள்ளைகளை வைத்தும் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

ஹெர்மன் காலன்பாக் ஜோஹன்னஸ்பர்க்கில் கொடிகட்டிப் பறந்த கட்டடக் கலைஞர். 1910 மே மாதக் கடைசியில், நகரத்திலிருந்து 21 மைல் தள்ளியிருந்த தன்னுடைய 1,100 ஏக்கர் நிலத்தை, தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிய சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகை இல்லாமல் விட்டார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. சிறைக்குப் போன தமிழர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வளர்ந்தார்கள். குஜராத்தி, தெலுங்கு, இந்தி பேசுகிறவர்களும் உண்டு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எல்லாரும் ஒரே பந்தி. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்குத் துணையாக மற்றவர்களும் நோன்பிருந்தார்கள்.

காலை முழுக்க உடலுழைப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பாடம் என்பதால் பிள்ளைகளுக்குக் கண் சொக்கும். தமிழ் வாத்தியார் காந்தி. போப் எழுதிய தமிழ்க் கையேட்டை வைத்துக் கப்பலிலும் ஜெயிலிலும் கற்ற தமிழ். எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லித்தருவார். பேச்சு என்று வந்தால் பிள்ளைகள் அவரைத் தோற்கடித்துவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது பார்க்க வந்தால் மாணவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். ஆசிரியர் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு மாணவனின் உதவியைக் கேட்கும் வகுப்பு அது. தலைமைப் பண்புக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த மேலாண்மைப் பயிலரங்கும் தந்துவிட முடியாது என்பது என் எண்ணம்.

காலன்பாக் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. மரியன்ஹில் டிராப்பிஸ்ட் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார், காந்தியிடமிருந்து மற்றவர்கள். பனியா வீட்டுப் பாரிஸ்டர் ஒரு யூதக் கட்டடக் கலைஞரிடம் தோல் வேலை கற்று, அதைப் பல சாதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பது பண்ணையின் விதி. கக்கூஸ் கழுவுவதுமுதல் குழி வெட்டுவதுவரை கூடவே ஓர் ஆசிரியர் நின்று செய்யவேண்டும்.

மாஸ்கோவில் பிறந்த யூதப் பெண் சோன்யா ஷ்லெசின் இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டியவர். பதின்வயதில் காந்தியின் அலுவலகத்துக்குச் சுருக்கெழுத்து வேலைக்கு வந்தார். வழக்கறிஞர் பயிற்சிக்கு மனுப்போட்டபோது பெண் என்று சொல்லி மறுத்தார்கள். 1913-இல் தலைவர்கள் எல்லாரும் சிறையில். ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தத்தில். பணக் கணக்கு, கடிதம், பத்திரிகை என்று எல்லாவற்றையும் இருபத்தைந்து வயதே ஆன இவர் தாங்கினார். 1912-இல் தென்னாப்பிரிக்கா வந்த கோகலே, காந்தியின் சகாக்களை எல்லாம் எடைபோட்டு இவருக்குத்தான் முதலிடம் கொடுத்தார். பிற்காலத்தில் பள்ளி ஆசிரியையாகப் போய் லத்தீன் கற்பித்தார். அந்த 1913 நவம்பரில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லை தாண்டி நடந்த பயணத்துக்காகக் காந்தியோடு சிறைக்குப் போன இரண்டு வெள்ளையர்கள் காலன்பாக்கும் ஹென்றி போலக்கும். இருவரும் யூதர்கள். போலக் கொடுத்த ரஸ்கின் புத்தகம்தான் 1904-இல் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு விதை. ஃபீனிக்ஸிலிருந்து சபர்மதி, சபர்மதியைப் பார்த்துத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் என்று அந்தக் கொடி நம் வட்டாரத்துக்கும் படர்ந்தது.

கொச்சியில் ஒரு படிக்கட்டு

புதுப்பாளையத்துக்கு வருமுன் கொச்சிக்குப் போய்வர வேண்டும். ஊரார் வீட்டு அநியாயத்தைக் கண்டிப்பது சுலபம். தன் வீட்டு அநியாயத்தைக் கையில் எடுத்த யூதர் ஒருவர் அங்கே இருந்தார்.

மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஆலயம் இன்று சுற்றுலாப் பயணிகள் தரையோடுகளைப் படம் பிடிக்கும் இடம். ஒரு காலத்தில் அங்கே 'மெஷுக்ராரிம்' என்ற பிரிவினர் பெஞ்சில் உட்கார முடியாது. அவர்கள் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்பது காரணம். தரையிலோ வாசல் படிக்கட்டிலோ உட்காரவேண்டும். தோரா வாசிக்கக் கூப்பிடமாட்டார்கள். மயானத்திலும் வேறு இடம். அடிமையாக இருந்ததை ஆண்டுதோறும் நினைவுகூரும் சமூகம், தன் அடிமைகளின் பேரப்பிள்ளைகளை வெளியே உட்கார வைத்தது. பிராமணத் தெருவும் சேரியும் உள்ள நாட்டில் குடியேறிய சமூகம் நாட்டு வழக்கத்தைக் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தப் பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஏ.பி. சாலெம். மகாராஜாக் கல்லூரியில் படித்து, சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் முடித்தார். கொச்சி யூதர்களில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் ஆள். கொச்சி சட்டசபையில் உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரசில் பிரதிநிதி, படகுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். அவர் பொதுக்கூட்டம் பேசிய மேட்டுக்குச் 'சாலெம் குன்னு' என்றே பெயர் விழுந்தது. காந்தியின் வழியை அவர் முதலில் பிரயோகித்தது தன் சொந்த ஆலயத்துக்குள். அவரும் பிள்ளைகளும் போய் உட்கார்ந்தார்கள். முணுமுணுப்பு, புறக்கணிப்பு எதற்கும் எழவில்லை. மெல்ல மெல்லத்தான் விட்டுக்கொடுத்தார்கள். முதலில் பின்வரிசைப் பெஞ்சு, பிறகு வாசிப்பு உரிமை. அவர் மகன் பால்ஃபர் 1950-இல் 'வெள்ளை' யூதப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டபோது கொச்சியில் நடத்த எதிர்ப்பு. பம்பாய்க்குப் போய்த்தான் தாலி கட்டவேண்டி வந்தது என்று நம் வழக்கில் சொல்லலாம். 1950-களில் மலபார் யூதர்களின் பெரும்பகுதி இஸ்ரேலுக்குக் கப்பலேறியது. அவர்கள் போவதற்கு ஓடியாடி உதவியவர் சாலெம்தான். அவர் கொச்சியிலேயே இருந்து 1967-இல் இறந்தார். ஆலயத்துக்குப் போகும் தெருவுக்கு இப்போது அவர் பெயர். பெஞ்சு சமமாகக் கிடைத்த காலத்தில் உட்கார ஆளில்லை.

புதுப்பாளையம்

அதே சென்னையில் சட்டம் படித்த இன்னொரு வக்கீல், சேலத்தில் தொழில் நடத்தியவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அவர் 1925 பிப்ரவரி 6-இல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது தாய் இல்லாத பிள்ளைகளோடு குடிசையில் வந்து குடியேறினார். நிலம் உள்ளூர் ஜமீன்தார் கொடுத்தது. கே. சந்தானம் கூட வந்தார். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் நூற்றுக் கொண்டுவந்த நூலுக்குக் கூலி, மருந்து, மதுவிலக்குப் பிரசாரம், ஆசிரமத்துக்குள் தீண்டாமை கிடையாது. 1929-இல் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை இங்கிருந்து வந்தபோது அதைச் செய்தவர் முப்பது வயதுகூட ஆகாத கல்கி. அந்த வயதில் இந்தக் கிராமத்தில் உட்கார்ந்து பிரூப் திருத்திய பையன்தான் பின்னாளில் தமிழ்நாட்டையே வாரம் தவறாமல் வாசிக்க வைத்தார். காந்தி 1925-லும் 1934-லும் இங்கே வந்தார்.

நீதிமன்றத்தைப் புறக்கணிப்பது ஒத்துழையாமையின் விரதம். திருச்சானூர்க் கோயிலுக்குள் போன குற்றத்துக்காக ஒரு தலித் பக்தர் தண்டிக்கப்பட்டபோது ராஜாஜி அந்த விரதத்தை விட்டுச் சித்தூருக்குப் போய் வாதாடி விடுவித்தார். கொள்கையை விடப் பக்கத்தில் நிற்கும் மனிதன் பெரிது என்று நினைத்த தருணம் அது. ஆசிரமத்து ராஜாஜியை மதிக்க எனக்கு இந்த ஒன்று போதும்.

அதே ராஜாஜிதான் 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிக்கு அரைநாள் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று மக்கள் பெயர் வைத்தார்கள். 1954-இல் அவர் பதவி விலக, காமராஜர் வந்து அதைத் தூக்கி எறிந்தார். கைத்தொழில் கல்வி காந்தியிடமிருந்து வந்ததுதானே என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. டால்ஸ்டாய் பண்ணையை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அங்கே செருப்புத் தைத்தவர்கள் பாரிஸ்டரும் கட்டடக் கலைஞரும். செருப்புத் தைப்பவர் மகனை மறுபடி செருப்புத் தைக்க அனுப்பியிருந்தால் அதற்குப் பெயர் பண்ணையாகாது, பழைய ஊர்தான். தன் பிறப்பு தடுத்த வேலையைச் செய்வதில்தான் பாடம் இருந்தது. ராஜாஜி 1925-இல் புரிந்துகொண்டிருந்ததை 1953-இல் மறந்தார்.

இவர்களும் மாட்டிக்கொண்ட இடம்

யூத நீதிக் கல்வியை மட்டும் குற்றமே இல்லாததாகக் காட்டிவிடலாகாது. 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில் காந்தி, ஜெர்மானிய யூதர்களுக்குச் சத்தியாகிரகத்தை யோசனை சொன்னார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜெருசலேமிலிருந்து மார்ட்டின் பூபர் நீண்ட பதில் எழுதினார். யூத இளைஞர் கல்வியில் ஒரு தலைமுறைக்கே குருவாக இருந்தவர் அவர். காந்தியை மதித்துக்கொண்டே வதைமுகாமுக்குச் சத்தியாகிரகம் பதிலாகாது என்று மறுத்தார். அதே பூபர் பாலஸ்தீன அரபிகளோடு ஒரே நாட்டைப் பகிர்ந்து வாழவேண்டும் என்றும் வாதாடி, தம் மக்களிடமே கெட்ட பெயர் வாங்கினார்.

அந்த வாதம் முடியவில்லை. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகும் காஸா போருக்குப் பிறகும் யூத இளைஞர் அமைப்புகளுக்குள் விழுந்த விரிசல் பெரிது. முப்பத்தாறு முறை வரும் கட்டளை பாலஸ்தீனருக்கும் உண்டா என்று மத்ரிக்குகள் கேட்கிறார்கள். கொல்லப்பட்டவர்களும் பணயக்கைதிகளும் நம் வீட்டுப் பிள்ளைகள், இப்போது அதைக் கேட்கிறாயா என்று இன்னொரு பக்கம் கோபம். வேலை இழந்த பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். 1979-இல் நெவே ஷலோம் என்ற யூத-அரபுக் கிராமத்தில் தொடங்கிய 'அமைதிப் பள்ளி' இரு பக்கத்து இளைஞர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறது. கட்டிப்பிடித்துப் பாட்டுப் பாட வைப்பதில்லை. யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். கத்தலும் அழுகையும் நடக்கிறது. இதுதான் உருப்படியான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மூரில் சமத்துவப் பொங்கல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கலைவதோடு ஒப்பிட்டால் தெரியும்.

சமூக நீதி மாணவர் படை நாளைக்கே வந்தாலும் அதன் தலையெழுத்து யாரிடம் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் தலையில் கட்டினால் குடியரசு தின அணிவகுப்போடு முடிந்துவிடும். நாமக்கல் விடுதிப் பள்ளிகளில் வேண்டிய கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிறது. பல மாவட்டத்து, பல சாதிப் பிள்ளைகள் ஒரே ஹாலில் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் டிரங்குப் பெட்டியாகப் படுத்துத் தூங்குகிறார்கள். தட்டைக் கழுவ ஆயாம்மா, கக்கூஸைக் கழுவ இன்னொருவர். அந்த இன்னொருவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கமாட்டான். வாரத்துக்கு இரண்டு மணி நேரமும், கூடவே நின்று கழுவ இரண்டு மூன்று வயது மூத்த ஓர் அண்ணனும் அக்காவும் இருந்தால் போதும், அந்தக் கேள்வி தானாக வந்துவிடும்.

அப்படிப்பட்ட அண்ணன்களும் அக்காக்களும் ஊரில் இல்லாமலில்லை. மருத்துவம், பொறியியல் படிக்கப் போனவர்கள் செமஸ்டர் லீவுக்கு வருகிறார்கள். பள்ளி நிர்வாகமும் அவர்களை மறக்காமல் கூப்பிடுகிறது, நீட்டில் எப்படி மதிப்பெண் வாங்கினார்கள் என்று மேடையில் மைக் பிடித்துச் சொல்வதற்கு. அன்று சாயங்காலமே அவர்களுக்கு இன்னொரு போன் வரும். சங்கத்தின் ஆண்டு விழாவில் சாதித்த மாணவர்களுக்குப் பொன்னாடையாம். குடும்பத்தோடு வந்துவிட வேண்டுமாம்.